செயின்ட் ஆன்ட்ரூ தொகுதியில் இரண்டரை மணி நேரம்: ஒரு நடைப்பயணச் சேவை பற்றிய மதிப்புரை

ரொறன்ரோவின் மையப் பகுதியில் 1926 முதல் 1967 வரை செயின்ட் ஆன்ட்ரூ என்ற பெயரில் ஒன்ராறியோ மாகாணச் சட்டமன்றத்துக்கான ஒரு தேர்தல் தொகுதி இருந்தது. ஸ்படைனா வீதியின் தையல் தொழிற்சாலைகளிலும் கென்சிங்டன் சந்தையின் நெருக்கமான வீடுகளிலும் வாழ்ந்த குடிவரவாளர்களின் தொகுதி அது. அதன் வரலாற்றை அந்த வீதிகளிலேயே நடந்தபடி சொல்லித்தரும் ஒரு வழிகாட்டிச் சேவைக்குக் கடந்த ஒக்ரோபர் மாதத்து ஞாயிறு ஒன்றில் என் பெரியப்பாவையும் அழைத்துக்கொண்டு போயிருந்தேன். ஆளுக்கு 35 டொலர் கட்டணம். பன்னிரண்டு பேர் கொண்ட குழு. கையில் 24 பக்கச் சிறு கையேடு ஒன்று தருகிறார்கள். இருவர் மட்டும் சேர்ந்து நடத்தும் சிறு முயற்சி என்பதாலும், குறைகள் சிலவற்றையும் எழுத வேண்டியிருப்பதாலும் அவர்களுடைய பெயரை இங்கே குறிப்பிடாமல் விடுகிறேன்.

ஸ்காபரோவில் குடியிருக்கும் நான் இதற்காக நகர மையம் வரை போனதற்குக் காரணம் உண்டு. எங்கள் பகுதியில் ஸ்காபரோ–ரூஜ் ரிவர் என்ற மாகாணத் தொகுதி 1999 முதல் இருந்து, 2018ஆம் ஆண்டுத் தேர்தலோடு இல்லாமல் போனது. அங்கு 2016 செப்டெம்பர் முதலாம் திகதி நடந்த இடைத்தேர்தலில் லிபரல் கட்சியும் புதிய ஜனநாயகக் கட்சியும் தமிழர்களையே வேட்பாளர்களாக நிறுத்தின. வென்றவர் முற்போக்குக் கன்சர்வேட்டிவ் கட்சியின் ரேமண்ட் சோ. அந்த வாரங்களில் எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் பதாகை நின்றது. இரண்டு ஆண்டுகளுக்குள் தொகுதியின் பெயரே வாக்குச்சீட்டில் இல்லை. ஒரு தொகுதி இல்லாமற் போன பிறகு அதில் நடந்தவற்றை யார், எங்கே வைத்துக் காப்பாற்றுகிறார்கள் என்ற கேள்வி அன்று முதல் எனக்குள் இருந்து வந்தது. அறுபது ஆண்டுகளை நெருங்கும் காலத்துக்கு முன்பே அழிந்த ஒரு தொகுதியின் பெயரில் நடைப்பயணம் நடக்கிறது என்று அறிந்தபோது போகாமல் இருக்க முடியவில்லை.

பயணம் ஸ்படைனா வீதியும் அடிலெய்ட் வீதியும் சந்திக்கும் முனையில் தொடங்குகிறது. 1927இல் எழுந்த டவர் கட்டடமும் 1930இல் எழுந்த பால்ஃபர் கட்டடமும் அங்கே எதிரெதிராக நிற்கின்றன. இரண்டும் ஆடைத் தொழிலுக்காகக் கட்டப்பட்ட மாடிக் கட்டடங்கள். சற்று வடக்கே, ரிச்மண்ட் வீதி முனையில், தைக்கும்போது விரலில் மாட்டிக்கொள்ளும் உலோகக் கவசம் ஒன்று, ஆளுயரத்துக்கும் மேலான சிற்பமாக, அடுக்கிய பொத்தான்களின் மேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. வழிகாட்டியான அம்மையார், ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை, இந்த இடத்தில் நின்று தொகுதியின் அடிப்படையை விளக்கிய விதம் மிகச் சிறப்பாக இருந்தது. 1926க்கு முன் ரொறன்ரோவின் பெரும்பாலான மாகாணத் தொகுதிகள் ஏ, பி என்று இரண்டு ஆசனங்கள் கொண்ட அகன்ற நிலப்பரப்புகளாக இருந்தன என்பதையும், அவற்றை உடைத்து ஓர் ஆசனத் தொகுதிகளாக ஆக்கியபோதுதான் நெருக்கமாகக் குடியிருந்த ஒரு சமூகம் தன் பிரதிநிதியைத் தானே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உண்டானது என்பதையும் அவர் எளிமையாகச் சொன்னார். மூன்றே ஆண்டுகளில், 1929இல், கன்சர்வேட்டிவ் கட்சியின் பிரெடரிக் சிங்கர் இங்கே வென்று, ஒன்ராறியோ சட்டமன்றத்துக்குத் தெரிவான முதல் யூதர் ஆனார்.

சிங்கரைப் பற்றி நான் முன்பு கேள்விப்பட்டதே இல்லை. காப்புறுதி நிறுவனங்கள் இனத்தையும் மதத்தையும் பார்த்து ஆட்களைப் பிரித்து நடத்துவதைத் தடுக்கும் சட்டத் திருத்தத்தை 1932இல் நிறைவேறச் செய்தவர் அவர். கார் காப்புறுதிக்குக் கூடுதல் பணம் கட்டும் ஸ்காபரோவாசிகள் இந்தப் பெயரை அறிந்திருக்க வேண்டும் என்று அங்கேயே தோன்றியது. எங்கள் கட்டணம் அஞ்சல் குறியீட்டைப் பார்த்து வருகிறது, அவர் எதிர்த்தது இனத்தைப் பார்த்து வந்த கட்டணத்தை. ஆனாலும் காப்புறுதி மேசைக்கு முன்னால் உட்கார்ந்தவனின் நிலைமை அவருக்குத் தெரிந்திருந்தது. 1934இல் லிபரல் கட்சியின் ஜோன் கிளாஸ் அவரை அடுத்து வந்தார்.

இந்தச் சேவையின் உயிர் இருப்பது ஸ்படைனா 346ஆம் இலக்கக் கட்டடத்தின் முன்னால் நிற்கும் அரை மணி நேரத்தில்தான். பின்னாளில் சீன உணவகமாக மாறிய அந்த இடம் ஒருகாலத்தில் லேபர் லைசியம் என்ற தொழிலாளர் மாளிகையாக இருந்தது. தையல் தொழிலாளர் சங்கங்கள் அங்கே கூடின. 1940 மே மாதத்தில் ரொறன்ரோவில் காலமான, அரசே வேண்டாம் என்ற அனார்க்கிஸ்ட் இயக்கத்தின் புகழ்பெற்ற பேச்சாளர் எம்மா கோல்ட்மனின் உடல், அடக்கத்துக்காக சிக்காகோ கொண்டுசெல்லப்படுவதற்கு முன், மக்கள் அஞ்சலிக்காக வைக்கப்பட்டதும் அங்கேதான். வழிகாட்டி இந்த இடத்தை அடைந்ததும் ஜோசப் சால்ஸ்பெர்க்கைப் பற்றிப் பேசத் தொடங்கினார். கையேட்டின் பாதிப் பக்கங்களும் அவருக்கே.

சால்ஸ்பெர்க் 1902இல் போலந்தில் பிறந்து 1913இல் சிறுவனாகக் கனடா வந்தவர். தொப்பித் தொழிலாளர் சங்கத்தில் வளர்ந்து, 1926இல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்து, 1938இல் நகரசபைக்குத் தெரிவானார். 1943 ஓகஸ்ட் 4ஆம் திகதி நடந்த மாகாணத் தேர்தலில் செயின்ட் ஆன்ட்ரூ அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. அயல் தொகுதியான பெல்வுட்ஸில் அவருடைய இயக்கத் தோழர் ஏ. ஏ. மக்லியோட் வென்றார். அந்த ஆண்டு மொத்தம் 90 ஆசனங்களில் ஜோர்ஜ் ட்ரூவின் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 38, சி.சி.எஃப். என்ற சோஷலிசக் கட்சிக்கு 34, ஆகவே ட்ரூ அமைத்தது சிறுபான்மை அரசு. அந்த நிலைமையில் இரண்டு உறுப்பினர்களின் குரலுக்கும் விலை இருந்தது என்பதை வழிகாட்டி அழுத்திச் சொன்னது சரியே. யூதர்களும் கறுப்பர்களும் வரக்கூடாது என்று கடற்கரைகளிலும் விடுதிகளிலும் பலகை தொங்கிய காலம் அது. அத்தகைய அறிவிப்புகளைத் தடைசெய்யும் இனப்பாகுபாட்டுச் சட்டம் 1944இல் வந்தது. சால்ஸ்பெர்க் அதற்காக விடாமல் வாதாடினார். இந்த நோக்கத்துக்கென்றே இயற்றப்பட்ட சட்டங்களில் கனடாவில் அதுவே முதலாவது.

இந்த இடத்தில் ஒன்றை நான் சேர்க்க வேண்டும், ஏனென்றால் வழிகாட்டி இதைச் சொல்லாமல் விட்டார். அந்தச் சட்டம் பலகையை மட்டுமே கழற்றியது. வேலை மறுப்பதையோ வீடு மறுப்பதையோ அது தொடவில்லை. அப்படியிருந்தும் மறு ஆண்டே அதன் நிழல் நீதிமன்றத்தில் விழுந்தது. கிழக்கு யோர்க்கில் ஒரு காணியை யூதர்களுக்கு விற்கக்கூடாது என்று உறுதியில் எழுதப்பட்டிருந்த நிபந்தனையை 1945இல் நீதிபதி கெய்லர் மக்கே செல்லாது என்று தீர்த்தபோது, மாகாணத்தின் பொதுக்கொள்கை எது என்பதற்குச் சான்றாக 1944ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டினார். பலகைக்கு எதிரான சட்டம் காணி உறுதி வரை எட்டியது என்பது இந்தத் தொகுதியின் வரலாற்றிலேயே எனக்கு மிகப் பெரிய செய்தி. பின்னர் 1951இல் வேலைவாய்ப்பில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டமும், 1954இல் உணவகம், விடுதி போன்ற பொது இடங்களில் சேவை மறுப்பதைத் தடுக்கும் சட்டமும் லெஸ்லி ஃப்ரொஸ்ட்டின் ஆட்சியில் நிறைவேறின. பல அமைப்புகள், குறிப்பாக ட்ரெஸ்டன் நகரத்துக் கறுப்பின மக்கள், அவற்றுக்காகப் போராடியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே உறுப்பினரின் கணக்கில் எழுதிவிடாமல் கையேடு இதை நேர்மையாகப் பதிவுசெய்திருக்கிறது. இவை அனைத்தும் 1962இல் ஒன்ராறியோ மனித உரிமைக் கோவையாக ஒன்றுசேர்ந்தன. வாடகைக்கு வீடு தேடியும் வேலை தேடியும் எண்பதுகளில் இந்நகருக்கு வந்திறங்கிய தமிழர்கள், பெயர் தெரியாமலே, சாய்ந்துகொண்ட சுவர் அந்தக் கோவைதான்.

என் பெரியப்பா 1987இல் வந்தவர். வந்த முதல் குளிர்காலத்தில் ஸ்படைனாவை அடுத்த ஓர் ஆடைத் தொழிற்சாலையில், நீராவிப் பெட்டியால் கோட்டுகளை அழுத்தும் வேலை பார்த்திருக்கிறார். தொழிலாளர் மாளிகையின் முன்னால் நின்றபோது அவர் மெதுவாக என்னிடம், “தம்பி, எங்களோட வேலை செய்த கிழவர் ஒருத்தர் இந்தக் கட்டடத்தைப் பற்றிச் சொல்லுவார். எனக்கு அப்ப இங்கிலிஷ் சரியா விளங்கேல்லை” என்றார். நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் வழிகாட்டி அம்மையார் தன் பேச்சை நிறுத்தி, அந்தத் தொழிற்சாலை எந்த மாடியில் இருந்தது, எத்தனை பேர் வேலை செய்தார்கள், சங்கம் இருந்ததா என்று பொறுமையாகக் கேட்டு, தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். கட்டணம் வாங்கி நடத்தும் சேவையில், வந்தவரையும் வரலாற்றின் சாட்சியாக நடத்தும் இந்தப் பண்பை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கையேட்டில் ஒரு பிழை உண்டு. 1943இல் சால்ஸ்பெர்க் கம்யூனிஸ்ட் கட்சியின் வேட்பாளராக வென்றார் என்று அதில் அச்சாகியிருக்கிறது. அந்தக் கட்சி 1940இலேயே தடைசெய்யப்பட்டிருந்தது; அவரும் மக்லியோட்டும் தொழிலாளர் வேட்பாளர்கள் என்ற பெயரில் நின்றார்கள், தொழிலாளர் முற்போக்குக் கட்சி என்ற புதிய அமைப்பு அதே மாதத்தில்தான் உருவானது. சிறிய பிழை என்று ஒதுக்க முடியாது. தடைசெய்யப்பட்ட ஓர் இயக்கத்தைச் சேர்ந்தவர் என்று தெரிந்துகொண்டே ஒரு தொகுதி ஒருவரைத் தெரிவுசெய்தது என்பதில்தான் அந்தத் தேர்தலின் கனமே இருக்கிறது.

சட்டமன்றத்தில் அவருடைய தனிமை 1951இல் முழுமையானது. மக்லியோட் தோற்றார். 90 பேர் கொண்ட அவையில் 79 பேர் அரசின் பக்கம். எதிரே லிபரல் 8, சி.சி.எஃப். 2, சால்ஸ்பெர்க் 1. மாகாணத்தின் எதிர்க்கட்சி வரிசை முழுவதிலும் இருந்த பதினொரு பேரில் ஒருவரை இந்த நெருக்கமான தெருக்கள் அனுப்பியிருந்தன. 1955இல் கன்சர்வேட்டிவ் கட்சியின் ஆலன் கிராஸ்மன் அவரைத் தோற்கடித்தார். தோல்விக்கான காரணங்களை வழிகாட்டி அடுக்கியபோது பனிப்போரையும், ஒட்டாவாவின் சோவியத் தூதரக ஊழியர் குசெங்கோ 1945இல் உளவு வலையை அம்பலப்படுத்திய விவகாரத்துக்குப் பின் எழுந்த அச்சத்தையும் முதலில் வைத்தார். நான் இன்னொன்றை முதலில் வைப்பேன்: வாக்காளர்கள் இடம்பெயர்ந்துகொண்டிருந்தார்கள். வருமானம் கூடிய யூதக் குடும்பங்கள் பாதர்ஸ்ட் வீதி வழியே வடக்கே நகர, அவர்கள் விட்ட வீடுகளுக்குப் போர்த்துக்கீசரும், 1956க்குப் பின் ஹங்கேரியரும், கரீபியரும் வந்தார்கள். எல்லைக்கோடு அசையாமல் நின்றது, உள்ளே இருந்த மக்கள் மாறினார்கள். ஸ்காபரோவில் கண்ணெதிரே இதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. சால்ஸ்பெர்க்கோ 1956இல் மொஸ்கோவுக்குச் சென்று, சோவியத் நாட்டில் யூதப் பண்பாடு நசுக்கப்பட்டதைப் பற்றி அந்நாட்டுத் தலைவர் குருஷேவிடமே கேட்டு, திரும்பி வந்து, 1957இல் கட்சியை விட்டு விலகினார். முப்பது ஆண்டு நம்பிக்கையை ஐம்பத்தைந்தை நெருங்கும் வயதில் கைவிட்ட அந்த முடிவைக் குறிப்பிடும்போது அம்மையாரின் குரல் தாழ்ந்தது. அவர் சற்று நேரம் எதுவும் பேசாமல் நின்றது சரியாகவே இருந்தது.

அங்கிருந்து மேற்கே திரும்பினால் தொகுதியின் பெயரையே தாங்கிய செயின்ட் ஆன்ட்ரூ வீதி வருகிறது. 1930இல் கட்டி முடிக்கப்பட்ட அன்ஷெய் மின்ஸ்க் யூதத் தொழுகைக்கூடம் அதில் இருக்கிறது. பெல்வியூ சதுக்கத்துக்கு எதிரே இருபதுகளில் எழுந்த கியெவர் தொழுகைக்கூடம் நிற்கிறது. வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. ஸ்படைனா–டண்டாஸ் முனையில் 1921இல், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யித்திஷில் நாடகம் நடக்கும் அரங்காகத் தொடங்கி, பின் பல பெயர்களில் பல கைகளுக்கு மாறி, சீனத் திரையரங்காகவும் இருந்த கட்டடத்தைக் காட்டுகிறார்கள். இந்தப் பகுதி அழகாக இருந்தாலும், வழக்கமான சந்தைச் சுற்றுலாவின் சாயல் இதில் விழுகிறது. தேர்தல் தொகுதி பற்றிய பேச்சு அரை மணி நேரம் காணாமல் போகிறது.

இனி, என் பெரிய குறை. தேர்தல் தொகுதி ஒன்றைப் பற்றிய நடைப்பயணத்தில் தொகுதியின் எல்லையைக் காட்டும் வரைபடம் ஒன்றுகூட இல்லை. கையேட்டில் நடக்கும் பாதைக்கு வரைபடம் உண்டு, தொகுதிக்கு இல்லை. எந்தத் தெருவோடு செயின்ட் ஆன்ட்ரூ முடிந்தது, எங்கிருந்து பெல்வுட்ஸ் தொடங்கியது, அடிலெய்ட் முனையில் வேலை செய்த ஒருவர் மாலையில் எந்தத் தொகுதியின் வாக்காளராக வீட்டுக்குத் திரும்பினார் என்பதையெல்லாம் தரையில் நின்று தெரிந்துகொள்ளத்தான் ஒருவர் பணம் கட்டி வருகிறார். கோடு எங்கே போனது என்பதுதான் ஒரு தொகுதி.

இரண்டாவது குறை முடிவைப் பற்றியது. 1955க்குப் பிறகு கதை அவசரமாக ஓடுகிறது. ஆலன் கிராஸ்மன் 1975 வரை இருபது ஆண்டுகள் மக்களின் பிரதிநிதியாக இருந்தார். 1967இல் செயின்ட் ஆன்ட்ரூ அயலிலிருந்த செயின்ட் பேட்ரிக் தொகுதியோடு சேர்ந்து செயின்ட் ஆன்ட்ரூ–செயின்ட் பேட்ரிக் ஆனதும் அவர் காலத்தில்தான். 1971 ஜூன் மாதத்தில் முதலமைச்சர் பில் டேவிஸ் ஸ்படைனா விரைவுச்சாலைத் திட்டத்தை நிறுத்தியிராவிட்டால் இந்த வீதியின் தோற்றமே வேறாக இருந்திருக்கும். அதற்குப் பயணத்தில் ஒரே வாக்கியம். தந்தைக்குப் பின் மகன் லாரி கிராஸ்மன் 1975இல் வந்து, கட்சித் தலைவராகவும் உயர்ந்து, 1987இல் தன் சொந்தத் தொகுதியையே இழந்தார்.

எல்லாவற்றிலும் பெரிய விடுபடல் சனானா அகாண்டே. கரீபியனிலிருந்து வந்த பெற்றோருக்கு 1937இல் கென்சிங்டன் பகுதியில் பிறந்து, ஆசிரியையாகவும் பாடசாலை அதிபராகவும் இருந்து, 1990இல் புதிய ஜனநாயகக் கட்சியின் சார்பில் செயின்ட் ஆன்ட்ரூ–செயின்ட் பேட்ரிக்கில் வென்றவர் அவர். ஒன்ராறியோ சட்டமன்றத்தின் முதல் கறுப்பினப் பெண் உறுப்பினர், கனடாவிலேயே அமைச்சரான முதல் கறுப்பினப் பெண். அதற்குள் தொகுதி வடக்கே நகர்ந்து, ஃபாரஸ்ட் ஹில் போன்ற செல்வந்தப் பகுதிகளைத் தன்னுள் கொண்டிருந்தது. சந்தைத் தெருவில் பிறந்த பெண், பழைய பெயரைச் சுமந்தபடி இடம்மாறிய தொகுதியில் வென்றார் என்பதைச் சொல்ல பெல்வியூ சதுக்கத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை. கையேட்டின் கடைசிப் பக்க அட்டவணையில் அவர் பெயர் ஒரு வரியாக மட்டும் இருக்கிறது. 1999இல் மாகாண ஆசனங்கள் 130இலிருந்து 103ஆகக் குறைக்கப்பட்டு, கூட்டாட்சித் தொகுதிகளின் எல்லைகளே மாகாணத்துக்கும் வைக்கப்பட்டபோது அந்த இணைந்த பெயரும் மறைந்தது. எங்கள் ஸ்காபரோ–ரூஜ் ரிவர் மாகாணத் தொகுதியாகப் பிறந்தது அதே மாற்றத்தில்தான் என்பதை அன்றிரவு வீட்டில் அமர்ந்து யோசித்தபோதுதான் உணர்ந்தேன்.

நடைமுறை விடயங்களையும் சொல்லிவிடுகிறேன். பதிவுசெய்வது எளிது, மின்னஞ்சலுக்கு மறுநாளே பதில் வந்தது. ஸ்படைனாவில் ஸ்ட்ரீட்கார் ஓடும் இரைச்சலில் பின்வரிசையில் நிற்பவர்களுக்கு வழிகாட்டியின் குரல் பாதிதான் எட்டுகிறது. சட்டையில் மாட்டும் சிறு ஒலிபெருக்கி ஒன்று இருந்தால் போதும். இரண்டரை மணி நேரத்தில் கழிப்பறைக்கோ உட்காருவதற்கோ நிறுத்தம் கிடையாது. பெரியப்பா போன்ற எழுபதைக் கடந்தவர்களுக்கு இது கடினம். பெல்வியூ சதுக்கத்து வாங்கில் அவர் உட்கார்ந்தபோது குழு அவருக்காகக் காத்திருந்தது, ஆனால் அப்படிக் காத்திருக்க வேண்டிய நிலை அவருக்குச் சங்கடமாகிவிட்டது. பதின்ம வயதுப் பிள்ளைகளை அழைத்துப் போகலாம், பாடசாலையில் குடியியல் படிப்பவர்களுக்கு நிச்சயம் பயன்படும். சிறு குழந்தைகளுக்கு ஏற்றதல்ல.

35 டொலருக்கு இது தகும். ஐந்துக்கு நான்கு தருகிறேன். குறைந்த ஒன்று வரைபடத்துக்காக. வரைபடத்தையும், 1943 பற்றிய திருத்தத்தையும், அகாண்டேயைப் பற்றிய கோரிக்கையையும் எழுதி அனுப்பினேன். அம்மையார் நன்றி தெரிவித்து, அடுத்த வசந்தத்துக்கான கையேட்டில் எல்லைக்கோட்டைச் சேர்ப்பதாகப் பதில் எழுதியிருக்கிறார். அதே கடிதத்தின் கீழே, பெரியப்பா வேலை செய்த தொழிற்சாலையின் வீதி இலக்கம் அவருக்கு நினைவிருக்கிறதா என்று கேட்டிருந்தார். பழைய சம்பளத் துண்டுகள் கிடக்கும் பெட்டியைத் தேடி எடுத்துத் தருவதாகப் பெரியப்பா சொல்லியிருக்கிறார்.